விராலும் பெர்லின் புட்டியும்

இங்கிலாந்தின் தூண்டிற்காரர்கள் நன்னீர் மீன்களை இரு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மனும் டிரவுட்டும் மேற்குலம். ஏனையவை ‘கோர்ஸ்’, அதாவது தரங்குறைந்தவை. நம் கெண்டைக்குத் தூரத்து உறவான ப்ரீம், நீர்ச்செடிகளுக்குள் பதுங்கிப் பாயும் பைக் ஆகிய இரண்டும் இக்கீழ்வரிசையைச் சேர்ந்தவை. ஆயினும் இவற்றுக்காகவே விடுப்பு எடுத்து, பருவம் பார்த்து, அயர்லாந்துக்கும் ஹாலந்துக்கும் கடல் கடந்து செல்வோர் உண்டு. உண்பதற்காக அன்று; பிடித்ததைப் பெரும்பாலும் நீரிலேயே விட்டுவிடுவர். குழம்பை நினைத்துத் தூண்டில் போடும் நாகப்பட்டினத்து வாய்க்காற்கரைகளைக் கண்டு பழகிய நமக்கு இது விந்தைதான்.

இந்த மோகம் ஆங்கிலேயருடன் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டார். தூண்டிலோடு புறப்படும் வெள்ளையருக்கு அது வழிகாட்டி நூலாயிற்று. அதன் நாயகன் மலையாறுகளில் வாழும் மஹ்சீர். எடைக்கு எடை பார்த்தால் போராட்டத்தில் சால்மனையும் விஞ்சக்கூடியது என்பது அவர் கட்சி. காவிரியைப் பொறுத்தவரை அது மேற்கே, மேட்டு நிலத்து மீன். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1887இல், ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்று குளத்து மீன்பிடிப்புக்கென்றே தனி நூலொன்றை எழுதினார் தாமஸ். மேற்குல மீனில் தொடங்கியவர் நம் குளக்கரைக்கு வந்து சேர்ந்தார் எனலாம்.

அவர்களுடைய பைக்குக்கு நிகராக நம் பக்கத்தில் எதைச் சொல்வது? ஐயமின்றி விராலைத்தான். அல்லிக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையே அசையாமல் கிடந்து, தவளைக் குஞ்சைக் கண்டதும் பாய்வது அது. தன் சிவந்த பார்ப்புகளைக் கூடவே இருந்து காப்பதும் அதன் இயல்பு. அக்காவலே அதற்கு எமன்: பார்ப்பு மிதக்கும் இடத்தைப் பார்த்து இரையை விட்டால் தாய் மீன் சிக்கிவிடும்.

ஆனால் தாமஸுக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பே இந்த மீன்களை ஐரோப்பா தேடியிருக்கிறது. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த ஊர். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது. 2020 வரை நாகை மாவட்டத்தில் இருந்தது. அங்கிருந்த மதபோதகர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் மருத்துவர் மார்கஸ் எலீசர் புளோக். ஜெர்மானிய மீன்களைப் பற்றிய நூலில் பைக்கையும் ப்ரீமையும் விவரித்து முடித்து, 1785 முதல் அயல்நாட்டு மீன்களை எழுதத் தொடங்கியிருந்தவர். தூண்டிற்காரர் மீனைத் தேடிக் கடல் கடந்தார். இங்கே மீனே கடல் கடந்தது!

1793இல் புளோக் விராலுக்கும் குரவைக்கும் அறிவியற் பெயர் சூட்டினார். ஒரு கத்தாழை மீனினத்துக்கு ஜானின் பெயரால் ‘ஜோனியஸ்’ என்று பெயரிட்டார். 1801இல் பிரெஞ்சு அறிஞர் லசெப்பேட் இன்னும் ஒரு படி சென்று, ‘ஓஃபிசெஃபாலஸ் விரால்’, ‘ஓஃபிசெஃபாலஸ் கரூவே’ என்றே எழுதினார். முந்தியது விரால், பிந்தியது நம் குரவை. அப்பெயர்கள் பின்னர் வழக்கொழிந்து, விலங்கியல் அட்டவணைகளில் மாற்றுப்பெயர்களாக மட்டும் நிற்கின்றன. என்றாலும், பெயர் தெரியாத தமிழர் ஒருவர் குளக்கரையில் நின்று ‘இது விரால், இது குரவை’ என்று சொல்லித் தந்தது அவற்றில் பதிந்திருக்கிறது.

அதே தரங்கம்பாடியில் டேனியப் படையதிகாரி டால்டார்ஃப், 1791 நவம்பரில், குளத்தருகே ஒரு பனைமரத்தில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் மீனொன்று ஏற முயல்வதைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் கழகம் அதை வெளியிட்டது. அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். நம்மவர் அம்மீனை எப்போதோ பனையேறிக் கெண்டை என்று அழைத்துவிட்டிருந்தனர்.

தரங்குறைந்தவை என்று தாங்கள் ஒதுக்கிய மீன்களுக்கும் இங்கிலாந்தில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இனப்பெருக்கக் காலத்தில் ஓய்வு வழங்கியது. இந்தியாவின் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்தது. ஆனால் வயலுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி மீன் பிடிப்பதற்காக ஊற்றும் நஞ்சு அன்றே! அது மழைநீரோடு வாய்க்காலுக்கு வந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ‘ஜிலேபிக் கெண்டை’ என்ற பெயரோடு குளங்களில் குடியேறியது.

மீன்களில் உயர்வு தாழ்வு என்பது கரையில் நிற்பவர் கற்பிப்பது. புளோக்கின் சேகரிப்பு பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. அயலூர்க் குளங்களுக்குப் பயணம் திட்டமிடும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: அதற்குமுன் ஒருநாள் நம்மூர் வாய்க்காலில் இறங்கி, அங்கிருக்கும் மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குரவையைக் காட்டிப் பெயர் சொல்ல ஆளில்லாத நாள் வந்தால், நாம் பெர்லின் புட்டிகளிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.