எண்ணெய்க்கு முன்பே வந்த பந்து

வளைகுடா நாடுகளின் விளையாட்டு என்றாலே எண்ணெய்ப் பணமும் பளபளக்கும் அரங்குகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் கதை வேறு. பஹ்ரைனில் முஹர்ரக் கால்பந்து மன்றம் தொடங்கியது 1928இல். அந்தத் தீவில் எண்ணெய் கிடைத்ததோ 1932இல்.

1928 விளையாட்டு உலகுக்கே பெரிய ஆண்டு. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 46 நாடுகள் கலந்துகொண்டன. பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் முதன்முறையாக நடந்தன. ஹாக்கியில் ஆஸ்திரியாவுக்கு எதிராக 6, பெல்ஜியத்துக்கு எதிராக 9, டென்மார்க்குக்கு எதிராக 5, சுவிட்சர்லாந்துக்கு எதிராக 6 என்று கோல் போட்டுக்கொண்டே வந்த இந்தியா, மே 26 அன்று இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என வீழ்த்தித் தங்கம் வென்றது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல். வாங்கியது ஒன்றுகூட இல்லை. 14 கோல்கள் தியான் சந்த் அடித்தவை. அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டின் அணி அது. அதற்குத் தலைவர், முண்டா பழங்குடியில் பிறந்த ஜெய்பால் சிங்.

அரபு நாடுகளில் எகிப்து அங்கே தலைநிமிர்ந்து நின்றது. பளுதூக்கலில் சையத் நுசைரும் மல்யுத்தத்தில் இப்ராகிம் முஸ்தஃபாவும் தங்கம் வென்றார்கள். கால்பந்தில் துருக்கியை 7-1 என்று நொறுக்கிய எகிப்து நான்காம் இடம் பிடித்தது.

வளைகுடாவிலிருந்து அணியே இல்லை. அந்தக் கரையோரத்துக்கு அப்போது முத்துதான் சோறு. கோடை முழுக்கப் படகுகள் கடலில் கிடக்கும். மூக்கில் இடுக்கி, காலில் கல், கழுத்தில் வலைக்கூடை என்று குளிப்பவர் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரை நம்பித்தான் அவர் உயிர். தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய குளிப்பவர், படகுத் தலைவரான நக்கூதாவிடம் கடன் தீராமல் ஆண்டுதோறும் கட்டுண்டு கிடந்தார். அந்தத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று முஹர்ரக்.

அப்படிப்பட்ட ஊரில்தான் அந்த மன்றம் பிறந்தது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து ஏற்கெனவே சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. முத்துத் தொழில் சரிந்தது; மன்றம் நிலைத்தது.

நாட்டின் கால்பந்துச் சங்கமே 1957இல்தான் வந்தது. முதல் வளைகுடாக் கோப்பையை 1970இல் பஹ்ரைன் நடத்தியது. முஹர்ரக் அணி 2008இலும் 2021இலும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கோப்பையை வென்றது. பணம் வந்த பிறகு முளைத்த ஆர்வம் என்று இதை யாரும் தள்ளிவிட முடியாது.

2028இல் இந்த மன்றத்துக்கு நூறு வயது. பஹ்ரைனில் வேலை பார்க்கும் தமிழர்கள் அந்த ஆண்டு முஹர்ரக் அணியின் ஓர் ஆட்டத்தையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.