கடற்கண்ணியும் கணினிக் கணக்கும்

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. கல்வராயன் மலைத்தண்ணீர்தான் மணிமுக்தாறு, வெள்ளாறு என்று சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது. ஆனால் இந்த ஊர் முன்பு இருந்த தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். அதன் பெயரில் 1987 முதல் 2018 வரை கடற்படையில் ஒரு கப்பல் இருந்தது. அதன் வேலை சண்டை போடுவதல்ல, கடலில் கிடக்கும் கண்ணிவெடிகளை வாரி எடுப்பது.

இது எவ்வளவு முக்கியமான வேலை என்று வொன்சானில் தெரிந்தது. 1950 அக்டோபரில், கொரியப் போரின்போது, அமெரிக்கப் படை அந்த வடகொரியத் துறைமுகத்தில் கரையிறங்க வந்தது. கடலில் ஏறத்தாழ 3000 கண்ணிகள், பல பழைய ரஷ்ய ரகம். அக்டோபர் 12 அன்று பைரேட், பிளெட்ஜ் என்ற இரண்டு வாரிக் கப்பல்களே வெடித்து மூழ்கின. வீரர்களை ஏற்றிய கப்பல்கள் வடக்கே கொஞ்சம், தெற்கே கொஞ்சம் என்று நாள்கணக்கில் அலைந்தன. அதற்குள் தென்கொரியப் படை தரைவழியே வந்து ஊரையே பிடித்துவிட்டது. நடிகர் பாப் ஹோப்கூட முந்திப் போய் நிகழ்ச்சி நடத்திவிட்டார்! 1991 வளைகுடாப் போரிலும் இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் ஒரே நாளில் கண்ணியில் சிக்கின. குவைத் கரையில் இறங்கும் திட்டம் நடக்கவே இல்லை.

அப்படியானால் எத்தனை நாள் வாரினால் போதும்? ஆளை அனுப்பிச் சோதிக்க முடியாது. அதனால்தான் சிமுலேஷன். ஒரு சின்னக் கணக்கு. பத்துக் கண்ணிகள், ஒருமுறை வாரினால் ஒவ்வொன்றும் அகல 90 சதவீத வாய்ப்பு. பத்துமே போயிருக்க வாய்ப்பு எவ்வளவு? வெறும் 35 சதவீதம்! இரண்டாம் முறையும் வாரினால் 90.

இதற்குக் கால்குலேட்டரே போதும். ஆனால் சில கண்ணிகள் எண்ணிக்கொண்டே கிடக்கும். முதல் சில கப்பல்களை விட்டுவிட்டு அடுத்ததை வெடிக்கும். வாரி முடித்த பாதையிலும் அவை உயிரோடு இருக்கும். இங்கே சூத்திரம் உதவாது. 1946-ல் உடல்நலமின்றி இருந்த கணித அறிஞர் உலாம், தனியாகச் சீட்டு ஆடியபோது யோசித்த மான்டி கார்லோ முறை உதவும். கணினிக்குள் கண்ணிகளைக் கண்டபடி தூவி, வாரிக் கப்பலை ஓட்டி, பின்னால் படகுகளை அனுப்பி, எத்தனை மூழ்கின என்று எண்ணுவார்கள். இதையே ஆயிரக்கணக்கான முறை செய்வார்கள். மான்டெரியில் உள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியில் இதில் ஆய்வேடுகளே எழுதப்பட்டிருக்கின்றன.

வாரும் நாள் கூடினால் இழப்பு குறையும். ஆனால் எந்தக் கரையில் இறங்கப் போகிறார்கள் என்று எதிரிக்கும் தெரிந்துவிடும். எத்தனை கண்ணி என்பதோ எதிரிக்கு மட்டுமே தெரிந்த எண். ஆகவே 50, 100, 500 என்று அதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள்.