செம்பும் மதுவமும்

பசறைக்கு அப்பால் உயர்ந்து செல்லும் மடுல்சீமை மலைச்சாரலில், 1869ஆம் ஆண்டில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்கிலி என்னும் அறிஞர் அது புதியதொரு பங்கசு எனக் கண்டு பெயரிட்டார். பாழ்படுத்துவது என்பது அப்பெயரின் பிற்பாதிக்குப் பொருள். பெயர் பொய்க்கவில்லை. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தும் பயனின்றி, இருபது ஆண்டுகளளவில் கோப்பித் தொழில் வீழ்ந்தது. 1884இல் ஓரியன்றல் வங்கி முறிந்ததை நூல்கள் விரித்துரைக்கின்றன. தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்து அத்தோட்டங்களை ஆக்கிய மக்களின் பட்டினிக்கு அவற்றில் அத்துணை இடமில்லை.

மருந்தோ காலந்தாழ்ந்தே பிறந்தது. பிரான்சில், வழிப்போக்கர் திராட்சையைக் களவாடாதிருக்க வேண்டி, வீதியோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது வழக்கம். அக்கொடிகளை மட்டும் பூஞ்சண நோய் அணுகாமையை 1882இல் மிலார்டே நோக்கினார்; 1885இல் அக்கலவையை உலகறியச் செய்தார். கோப்பியிருந்த மலைகளில் தேயிலை வேரூன்றிய பின், 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது, கொழுந்தைக் காத்தது செம்பே.

ஆயின் பங்கசுக் குலம் முழுவதும் செம்புக்கு அடிபணிந்துவிடவில்லை. அப்ப மாவைக் கள் விட்டுப் புளிக்க வைக்கிறோமே, அக்கள்ளிலுள்ள மதுவமும் அக்குலத்ததே. மதுவத்துக்குச் செம்பு சிறிதளவு வேண்டும். அதுவின்றேல் அதன் சுவாச நொதியம் இயங்காது. மிகுந்தாலோ நஞ்சு. எனவே செம்பு குறைந்தவிடத்து அதனை உள்ளிழுக்கும் பரம்பரையலகுகள் விழிக்கின்றன; மிகுந்தவிடத்து அவை அடங்குகின்றன. கலத்தினுள்ளே காவலாய் நிற்கும் வேறொரு புரதம், மிகுந்த செம்பைத் தன்மேற் பற்றிக்கொண்டதும் உருமாறி, கப்-1 என்னும் பரம்பரையலகின் முன்புறத்திற் சென்று பொருந்தி அதனை முடுக்கிவிடுகிறது. உடனே கந்தகம் செறிந்த சிறு புரதங்கள் திரளாய் உண்டாகிச் செம்பைச் சிறைப்பிடிக்கின்றன. கொல்ல வந்த நஞ்சே காவலனைத் தட்டியெழுப்பும் விந்தை இது! இக்காவற் புரதத்தின் செயல் 1988இல் தெளிவாயிற்று.

அதற்கு முன்னரே, 1982இல், ஃபோகல், வெல்ச் என்போர் மற்றொன்றைக் காட்டியிருந்தனர். செம்பைத் தாங்கும் மதுவங்களில் அப்பரம்பரையலகு ஒன்றாயிராது, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல படிகளாய் அடுக்கப்பட்டிருக்கும். வைன் மதுவங்களிற் பல இத்தகையன. திராட்சைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய்த் தெளிக்கப்பட்ட செம்பே அவற்றைத் தெரிந்தெடுத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. செம்பு மக்கிப் போவதன்று. தெளித்தது மண்ணிலே தங்கும்.

தேயிலைக் கொப்புளப் பங்கசு உயிருள்ள கொழுந்திலன்றி வளராது. ஆய்வுகூடக் கிண்ணத்தில் அதனை மதுவம்போல் வளர்த்துச் சோதித்தல் எளிதன்று. ஆதலின் ஒரு பங்கசு செம்பை எவ்வாறு உணர்கிறது, எவ்வாறு பழகுகிறது என்பதற்கு, ஊவாவின் கொழுந்தைக் காக்க முயல்வோரும் கள்முட்டியில் நுரைக்கும் அச்சிற்றுயிரையே நாட வேண்டியிருக்கிறது.