மார்பக வனைவு அறுவை: வரலாறு காட்டும் உண்மைகள்

‘பிளாஸ்டிக் அறுவை’ என்னும் தொடரைக் கேட்டவுடன், கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பொருள்களே பலருக்கு நினைவில் எழுகின்றன. அது பிழையான எண்ணமாகும். பிளாஸ்டிக் பொருள்கள் உலகில் தோன்றுவதற்கு முன்பே இச்சொல் மருத்துவத்தில் இடம்பெற்றுவிட்டது. கிரேக்க மொழியில் ‘பிளாஸ்டிகோஸ்’ என்றால் குயவன் களிமண்ணை வனைவது போல உருவாக்கத் தக்கது என்பது பொருள். செருமானிய மருத்துவர் கார்ல் பெர்டினான்ட் வான் கிரேப் 1818 ஆம் ஆண்டில் மூக்கை மீண்டும் அமைக்கும் முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூற்பெயரிலேயே இச்சொல் அமைந்திருந்தது. ஆதலின் ‘வனைவு அறுவை’ என்று தமிழில் வழங்குவது பொருளுக்குப் பொருந்துவதேயாகும்.

இக்கலையின் பழமை இந்திய மண்ணோடு தொடர்புடையது. அறுபட்ட மூக்கைத் தோலால் மீண்டும் அமைக்கும் முறை சுசுருத சங்கிதையில் கூறப்பட்டுள்ளது. மைசூர்ப் போரில் மூக்கிழந்த ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு, நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814 இல் இலண்டனில் அம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். இழந்த உறுப்பை மீட்டுத் தருவதே வனைவு அறுவையின் முதல் நோக்கமாக இருந்தது என்பதை இவை காட்டும். இருக்கும் உறுப்பின் வடிவை மாற்றும் நோக்கம் பின்னர் வந்ததாகும். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையின் வரலாறு இவ்விரு நோக்கங்களுக்கும் இடையே அமைந்த ஒன்று.

முதல் முயற்சிகள்

1895 இல் செருமனியின் ஹைடல்பர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்னும் பேராசிரியர், மேடைக் கலைஞரான ஒரு பெண்ணின் மார்பகத்திலிருந்து கட்டியொன்றை அகற்றினார். அதனால் இரு பக்கமும் ஒத்திராது போகும் நிலை ஏற்பட்டது. அப்பெண்ணின் இடுப்புப் பகுதியில் கொழுப்புக் கட்டி ஒன்றும் இருந்தது. செர்னி அதனை எடுத்து, வெற்றிடமான மார்பகத்தில் வைத்துத் தைத்தார். மார்பகத்தின் வடிவை நிரப்புவதற்குச் செய்யப்பட்டதாகப் பதிவு பெற்ற முதல் அறுவை இதுவே என்பர். இங்கே அவர் பயன்படுத்தியது நோயாளியின் சொந்த உடலில் இருந்த பொருள் என்பது கருதத் தக்கது.

அடுத்து வந்தவர்கள் அந்த எல்லையைக் கடந்தனர். 1899 ஆம் ஆண்டளவில் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி, பாரபின் மெழுகை உருக்கி ஊசி வழியாக உடலுக்குள் செலுத்தும் முறையைத் தொடங்கினார். கத்தியும் தையலும் இல்லாத முறை என்பதால் இது விரைந்து பரவியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே கேடுகள் வெளிப்பட்டன. மெழுகு செலுத்தப்பட்ட இடத்தில் கட்டிகள் தோன்றின, தோல் புண்ணாயிற்று, மெழுகு இடம்விட்டு நகர்ந்தது, குருதிக் குழாயில் புகுந்து அடைப்பை உண்டாக்கியதும் உண்டு. அதனால் மேனாட்டு மருத்துவர்கள் இம்முறையைக் கைவிட்டனர்.

1950களில் பஞ்சு போன்ற செயற்கைப் பொருள்கள் வந்தன. பாலிவினைல் பஞ்சை மார்பக வடிவில் வெட்டி உள்ளே வைத்தனர். தொடக்கத்தில் அவை மென்மையாக இருந்தன. நாளடைவில் உடலின் தசைநார்கள் அப்பஞ்சின் துளைகளுக்குள் வளர்ந்தன. பஞ்சு சுருங்கிக் கல்லைப் போல் இறுகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சப்பானில் திரவ சிலிக்கோனை ஊசியால் செலுத்தும் வழக்கம் எழுந்து, அமெரிக்காவிற்கும் சென்றது. அதனால் விளைந்த துன்பம் பெரிதாகவே, நெவாடா மாநிலம் 1970களின் நடுவில் அவ்வூசியைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

சிலிக்கோன் பையின் தோற்றம்

சிலிக்கோன் என்பது மணலில் உள்ள சிலிக்கன் என்னும் தனிமத்தை அடிப்படையாகக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்படும் பொருள். அதனை ஆராய்ந்து அப்பெயரை வழங்கியவர் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பணியாற்றிய பிரடெரிக் கிப்பிங் ஆவார். 1943 இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற டௌ கார்னிங் நிறுவனம் அதனைப் போர்க்காலத் தொழில்களுக்காகப் பெருமளவில் உற்பத்தி செய்தது. வெப்பத்தாலும் நீராலும் எளிதில் மாறாத இயல்புடையது ஆதலின், மருத்துவர்களின் பார்வை அதன்மேல் விழுந்தது.

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தாமஸ் கிரோனின், பிராங்க் கெரோ என்னும் இரு மருத்துவர்கள் ஒரு புதிய முறையைக் கண்டனர். குருதி நிரப்பிய பிளாஸ்டிக் பை கையில் மென்மையாக இருந்ததைக் கண்டபோது கெரோவுக்கு அவ்வெண்ணம் தோன்றியது என்று கூறப்படுகிறது. மெல்லிய சிலிக்கோன் உறைக்குள் கூழான சிலிக்கோனை நிரப்பி, நீர்த்துளி வடிவில் பை ஒன்றைச் செய்தனர். முதலில் ஒரு நாயின் உடலில் வைத்துப் பார்த்தனர். பின்னர் 1962 இல் ஹூஸ்டனின் ஜெபர்சன் டேவிஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு அதனைப் பொருத்தினர்.

அப்பெண்ணின் செய்தி எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர் மார்பகத்தைப் பெரிதாக்க வேண்டி மருத்துவமனைக்கு வந்தவரல்லர். பச்சை குத்தியிருந்ததை நீக்கிக்கொள்ளவே வந்தார். புதிய முறைக்கு உடன்பட முடியுமா என மருத்துவர்கள் கேட்டனர். தம் காதுகள் வெளியே நீட்டி நிற்பதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார் அவர். இரண்டும் செய்யப்பட்டன. இம்மருத்துவர்களின் முறை 1963 இல் மருத்துவ மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, உலகெங்கும் பரவியது. 1964 இல் பிரெஞ்சு மருத்துவர் ஆரியோன் உப்புநீர் நிரப்பும் பையை அறிமுகப்படுத்தினார்.

சட்டம் பின்தங்கியது

இப்பைகள் விற்பனைக்கு வந்த காலத்தில், மருந்துகளைச் சோதிப்பதற்கு அமெரிக்காவில் சட்டம் இருந்தது. உடலுக்குள் வைக்கும் கருவிகளை விற்பனைக்கு முன் சோதிக்குமாறு வற்புறுத்தும் சட்டம் இல்லை. 1976 இல் அச்சட்டம் இயற்றப்பட்டபோதும், ஏற்கெனவே வழக்கிலிருந்த பொருள்கள் தொடர்ந்து விற்கப்பட்டன. பைகள் கிழிந்தன, இறுகின, கூழ் கசிந்தது என்று பெண்கள் முறையிட்டனர், வழக்குகள் தொடுத்தனர். மூட்டுநோயும் வேறு உடல்நோய்களும் இவற்றால் வந்தன என்றும் பலர் கூறினர்.

1992 இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் சிலிக்கோன் கூழ்ப் பைகளுக்குத் தடை விதித்தது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தோர் முதலியோர்க்கு மட்டும், ஆய்வின் பகுதியாக, விலக்கு அளிக்கப்பட்டது. பைகள் தீயவை என்று மெய்ப்பிக்கப்பட்டதால் அன்று; அவை தீங்கற்றவை என்பதற்கு உற்பத்தியாளர் போதிய சான்று காட்டவில்லை என்பதாலேயே அத்தடை பிறந்தது. வழக்குகளின் சுமை தாங்காமல் டௌ கார்னிங் நிறுவனம் 1995 இல் நொடிப்பு நிலையை அறிவித்தது.

அமெரிக்க மருத்துவக் கழகம் 1999 இல் விரிவான ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. மூட்டுநோய் போன்ற உடல் முழுதும் பரவும் நோய்களுக்குப் பைகளே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அவ்வறிக்கை கூறியது. ஆனால் பை கிழிதல், இறுகுதல், மறு அறுவை தேவைப்படுதல் ஆகிய உள்ளூர்த் தொல்லைகள் மிகுதி என்றும், கவலைக்குரியவை அவையே என்றும் அறிவித்தது. 2006 இல் தடை நீங்கியது. அழகுக்காகச் செய்துகொள்வோரில் 22 வயது நிரம்பியவர்க்கே கூழ்ப் பைகள் என்று வரையறுக்கப்பட்டது.

பின்னும் இரு பாடங்கள்

பிரெஞ்சு நாட்டுப் ‘பிப்’ நிறுவனம், மருத்துவத்திற்கென ஏற்கப்பட்ட சிலிக்கோனுக்கு மாறாக, மலிவான தொழிற்சாலைச் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010 இல் வெளிப்பட்டது. பல நாடுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் பெண்கள் அப்பைகளைப் பொருத்தியிருந்தனர். பிரெஞ்சு நாட்டில் மட்டும் சுமார் 30,000 பெண்கள் அவற்றை எடுத்துவிடுமாறு 2011 இல் அரசு அறிவுறுத்தியது. நிறுவனத் தலைவர் 2013 இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

மற்றொன்று, பையைச் சூழ்ந்து தோன்றும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய். அமெரிக்க ஆணையம் 2011 இல் இதுபற்றி முதன்முதலாக எச்சரித்தபோது, உலகில் அறியப்பட்டவர் தொகை சுமார் 60 ஆகும். 2019 சூலைக்குள் அது 573 ஆயிற்று. அவர்களுள் 33 பேர் இறந்தனர். மேற்பரப்புச் சொரசொரப்பான பைகளிலேயே இது மிகுதியாகக் காணப்பட்டது. அவ்வாண்டே அலர்கான் நிறுவனத்தின் சொரசொரப்பான பைகள் திரும்பப் பெறப்பட்டன. அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர்கோத்து வீங்குவது இந்நோயின் முக்கிய அறிகுறி. காலத்தே கண்டு, பையையும் அதைச் சூழ்ந்த உறையையும் அகற்றினால் பெரும்பாலோர் குணமடைவர்.

எதிர்பார்க்கத் தக்கவை

இவ்வரலாற்றின் பயனாக, இவ்வறுவையில் எதனை எதிர்பார்க்கலாம் என்பது இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஓரிரு மணி நேரத்தில் அறுவை முடியும். மார்பகத்தின் கீழ் மடிப்பிலோ, காம்பைச் சூழ்ந்தோ, அக்குளிலோ கீறி, மார்புத் தசைக்கு மேலாகவோ கீழாகவோ பையை வைப்பர். வலியும் வீக்கமும் முதற் சில நாட்கள் மிகுந்திருக்கும். சில வாரங்களுக்குப் பாரம் தூக்கலாகாது. இறுதி வடிவம் தெரியப் பல மாதங்கள் ஆகும். காம்பில் உணர்ச்சி குறையலாம். பால் கொடுப்பதில் தடை ஏற்படவும் கூடும்.

அயற்பொருள் எதுவாயினும், உடல் அதனைச் சுற்றி மெல்லிய தழும்பு உறை ஒன்றை உண்டாக்கும். அது உடலின் இயற்கை. சிலரிடம் அவ்வுறை இறுகிப் பையை நெருக்கி, மார்பகத்தைக் கடினமாக்கி வலியைத் தரும். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பகம் உடனே சுருங்குவதால் தெரிந்துவிடும். கூழ்ப் பை கிழிந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆதலின் ஐந்து ஆறு ஆண்டுகள் கழித்தும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் காந்தப் படமோ ஒலியலைப் படமோ எடுத்துப் பார்க்குமாறு அமெரிக்க ஆணையம் அறிவுறுத்துகிறது. புற்றுநோய்ச் சோதனைக்காக மார்பகப் படம் எடுக்கும்போது, பை இருப்பதை முன்னரே சொல்லுதல் வேண்டும். மறைக்கப்பட்ட பகுதியைக் காணத் தனிப் படங்கள் தேவைப்படும்.

யாவற்றினும் முக்கியமானது, இப்பைகள் வாழ்நாள் முழுதும் நிலைப்பவை அல்ல என்பது. அழகுக்காகச் செய்துகொண்டோரில் ஐவருள் ஒருவர்வரை பத்து ஆண்டுகளுக்குள் பையை எடுக்க நேரிடலாம் என 2011 இல் அவ்வாணையம் கணித்தது. அறுவைக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவோர், இரண்டாம் அறுவைக்கான செலவையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

2021 இல் அமெரிக்காவில் புதிய விதி வந்தது. இவ்வறுவைக்கு முன் மருத்துவர் இடர்கள் ஒவ்வொன்றையும் பட்டியலாகப் படித்துக் காட்டி, பெண்ணின் கையொப்பத்தைப் பெறுதல் வேண்டும். 1962 இல் ஹூஸ்டன் மருத்துவமனைக்கு வந்த பெண்ணிடம் அத்தகைய பட்டியல் இல்லை. அதனை எழுதுவதற்குரிய அறிவு அன்று மருத்துவர்களிடமும் இல்லை. அவருக்குப் பின் வந்த எத்தனையோ பெண்களின் உடலில் நேர்ந்தவற்றைக் கொண்டே அப்பட்டியல் எழுதப்பட்டது. மருத்துவர் அறைக்குள் செல்லும் பெண் அதனை அவசரமின்றி, வரிவரியாகப் படித்து, விளங்காததைக் கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடுதல் வேண்டும்.