ஒரு மாளிகையின் விலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டுச் செல்வர் விரும்பிய அணிகலன்களில் வெண்மையே ஆட்சி செய்தது. பொன்னினும் வலிய பிளாட்டினத்தை நூலிழைபோல் மெலிதாக்கி, வைரம் பதித்து, பூமாலை வடிவில் நகை செய்தனர். அவற்றுக்கு இணையாக மதிக்கப்பெற்றது இயற்கை முத்து. பாரசீக வளைகுடாவில் முத்துக்குளிப்போர் மூச்சடக்கி எடுத்த சிப்பிகளுள் மிகச் சிலவற்றிலேயே நன்முத்து இருந்தது. ஒத்த அளவும் நிறமும் உடைய முத்துகளைத் தேடிச் சேர்த்தே ஒரு சரம் கோக்க முடிந்தது.

1917-இல் மார்ட்டன் பிளான்ட் என்னும் செல்வர், நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த தம் மாளிகையைக் கார்ட்டியே நகை நிறுவனத்துக்கு அளித்தார். ஈடாகப் பெற்றவை 100 டாலரும், மனைவி விரும்பிய இரட்டைச் சர முத்துமாலையும். அம்மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர்.

ஆனால் ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893-இலேயே சிப்பிக்குள் கருவிட்டு அரைக்கோள முத்தை விளைவித்திருந்தார். 1920-களில் உருண்டையான வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தையில் பரவின. 1930-களில் பொருளாதார மந்தமும் சேர, இயற்கை முத்தின் விலை சரிந்தது. அதை நம்பி வாழ்ந்த வளைகுடா மக்களின் தொழிலும் நலிந்தது.

மாளிகை இன்றும் அந்நிறுவனத்தின் கடையாக விளங்குகிறது. முத்தின் ஒளி அன்றும் இன்றும் ஒன்றே. அதன் அருமைக்கே மனிதர் விலை வைத்திருந்தனர்.