சோறும் தோழமையும்: சிங்கப்பூருக்குத் தனித்து வந்தோரின் அன்றாட வரலாறு

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிலைத்து நிற்பவற்றைக் கொண்டே அதனை எழுதியுள்ளனர். கோயில், பள்ளி, செய்தித்தாள், சங்கம் ஆகியவை ஆவணங்களை விட்டுச் செல்வதால் ஆய்வாளரின் கண் அவற்றின்மீது முதலில் படுவது இயல்பே. ஆயினும், இந்நகருக்கு வந்த தமிழருள் மிகப் பலர் இங்கேயே நிலைத்துவிட வந்தவர்கள் அல்லர். சில ஆண்டுகள் உழைத்து, கடனை அடைத்து, கையில் கொஞ்சம் பொருளுடன் ஊர் திரும்ப எண்ணி வந்தவர்கள். தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் மக்கள் இவ்வாறு கடல் கடப்போரைச் ‘சபுராளி’ என்பர். ‘கொண்டுவிக்கப் போயிருக்கிறார்’ என்பது செட்டிநாட்டு வழக்கு. போனவர் ஒரு நாள் திரும்புவார் என்னும் நம்பிக்கை இரு வழக்குகளுக்கும் அடியில் உள்ளது.

அவர்கள் என்ன உண்டனர், யாருடன் அமர்ந்து உண்டனர், ஓய்வு நாளை எங்கே கழித்தனர் என்னும் வினாக்கள் எளியவைபோல் தோன்றும். ஆனால், தனித்து வந்த மனிதர் ஓர் அந்நிய நகரை எவ்வாறு வாழிடமாக்கிக் கொண்டார் என்பதற்கான விடை அவற்றில்தான் இருக்கிறது. அவ்விடை இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் லிட்டில் இந்தியாவிலும் ஆர்ச்சர்ட் சாலையிலும் நம் கண்முன் நிகழ்கிறது.

கோயில் நிழலும் கிட்டங்கிச் சமையலும்

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கற்சூளை அமைத்துத் தொழில் செய்தவர். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழ முன்னின்றவரும் அவரே. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் அமைந்த அத்தொடக்ககாலக் கோயில், வழிபாட்டிடமாக இருந்ததோடு, புதிதாக வந்திறங்கி வேலை தேடிய தமிழர்க்குப் புகலிடமாகவும் விளங்கியது. முதல் இரவைக் கழிக்க ஓரிடமும், வேலை எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஒரு மனிதரும் அங்கே இருந்தனர்.

நகரத்தாரின் கிட்டங்கி இதனினும் ஒழுங்குபட்ட ஏற்பாடு. மார்க்கெட் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பகுதிகளில் இருந்த இக்கட்டடங்களின் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு தொழிலகத்துக்கும் சில அடி இடமே உரியது. ஒரு மரப்பெட்டகம், கணக்கெழுத ஒரு தாழ்ந்த மேசை, விரித்துச் சுருட்டும் பாய் ஆகியவையே உடைமை. பகலில் அலுவலகமாக இருந்த இடம் இரவில் படுக்கையறையாகும். முகவர்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் வந்தனர். மனைவி மக்கள் செட்டிநாட்டில் இருந்தனர். சமையல் மட்டும் பொது. பகலில் தனித்தனிக் கணக்குடன் தொழில் நடத்தியவர்கள் இரவில் ஒரே சமையலை உண்டு ஊர்ச் செய்தியைப் பகிர்ந்துகொண்டனர். 1859இல் டேங்க் சாலையில் எழுந்த தண்டாயுதபாணி கோயிலும் தைப்பூச விழாவும் இந்தக் கூட்டு வாழ்வின் விரிவே எனலாம்.

சுண்ணாம்புக் கம்பத்துச் சாப்பாட்டுக் கடைகள்

இன்று லிட்டில் இந்தியா எனப்படும் வட்டாரத்தைப் பழைய தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகள் தந்த பெயர் அது. வீரமாகாளியம்மன் கோயிலும் ஒருகாலத்தில் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்றே அறியப்பட்டது. சூளைத் தொழிலோடு மாட்டு வணிகமும் பால் வணிகமும் இங்கே வளர்ந்தன. பஃபலோ சாலை என்னும் பெயரும், மலாய் மொழியில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் சாலை என்னும் பெயரும் அதன் எச்சங்கள். 1915இல் எழுந்த தேக்காச் சந்தை, 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் மாறிய பின்னரும் வட்டாரத்தின் அடுப்படியாகவே இருந்து வருகிறது.

இவ்வட்டாரத்தில் வேலை செய்த ஆடவர் பலர் ஒரே அறையில் நெருங்கி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு வீடு இல்லை. ஆகவே, சாப்பாட்டுக் கடை வீட்டின் வேலையைச் செய்தது. 1924இல் சிலிகி சாலையில் தொடங்கிய ஆனந்த பவனும், 1947இல் சிராங்கூன் சாலையில் தொடங்கிய கோமள விலாசும் இன்றும் நிலைத்திருக்கும் சான்றுகள். பெயரின்றி மறைந்த சிறு கடைகள் இவற்றினும் பல. இலையில் விழும் சோறும் சாம்பாரும் பசியைத் தீர்த்தன. எதிரே அமர்ந்தவர் ‘எந்த ஊர்?’ என்று கேட்டது வேறொரு பசியைத் தீர்த்தது. எழுதத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், ஊருக்குப் போகிறவர் கையில் மற்றவர் பொருள் கொடுத்தனுப்புவதும் இத்தகைய அறிமுகத்தில் தொடங்கின. அவ்வுறவுக்குத் தமிழர் வைத்த பெயர் ‘ஊர்க்காரர்’. ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் அறியாதவர்களும் கடல் கடந்தபின் ஊர்க்காரர் ஆயினர்.

அயலாரோடு பகிர்ந்த உணவு

தோழமை ஊர்க்காரரோடு நின்றுவிடவில்லை என்பதற்கும் உணவே சான்று. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949ஆம் ஆண்டளவில் மீன் தலையைக் கொண்டு குழம்பு சமைத்து விற்றார் என்பது சிங்கப்பூர் உணவு வரலாற்றில் பலரும் ஏற்கும் செய்தி. மீன் தலையைச் சிறந்த பகுதியாகக் கருதியவர்கள் சீன வாடிக்கையாளர். மசாலாவும் புளியும் தென்னிந்தியருடையவை. அக்குழம்பு தென்னிந்தியக் கைப்பக்குவத்தில் சீனர் நாவுக்கெனப் பிறந்தது. 1969இல் தோன்றிய முத்து கறி உணவகமும், 1974இல் தோன்றிய பனானா லீஃப் அப்போலோவும் அதனை ரேஸ் கோர்ஸ் சாலையின் அடையாளமாக்கின.

மீ கோரேங்கும் இவ்வாறே. சீனரின் மஞ்சள் மீயை இந்திய முஸ்லிம் சமையற்காரர் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்து, மலாய்ப் பெயர் சூட்டி விற்றனர். இந்தியாவில் இவ்வுணவு இல்லை. அடுத்தடுத்த கடைகளில் நின்று சமைத்தவர்கள் ஒருவர் சட்டியை ஒருவர் பார்த்ததால் விளைந்தது அது. பல்லினச் சமூகம் என்று நாம் பாடநூலில் படிப்பதன் தொடக்ககாலப் பயிற்சிக்கூடங்களுள் இக்கடைகளும் அடங்கும்.

வந்தவர் நிலைத்தவர் ஆன காலம்

தங்குவதா, திரும்புவதா என்னும் வினா 1950களில் கூர்மையடைந்தது. 1953இல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், விருப்பம்போல் வந்துபோகும் பழைய வழக்கத்தைக் கட்டுப்படுத்தியது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, தமிழர் குடியுரிமை பெறவேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார். கேட்டவர் பலர் பதிந்துகொண்டனர், குடும்பங்கள் வந்தன, பிள்ளைகள் இங்கே பள்ளி சென்றனர்.

எல்லாரும் அவ்வாறு தங்கிவிடவில்லை. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த தமிழர், மலையாளிகள் பலர் இந்தியா திரும்பினர். அவர்களுடைய நினைவுகள் இந்நகரின் வரலாற்றில் இடம்பெறாமலேயே ஊர் போய்ச் சேர்ந்தன. நிலைத்தவர்களைப் பற்றி மட்டும் எழுதும் வரலாறு பாதி வரலாறாகிவிடுவது இவ்வாறுதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

நிலைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பரவிய காலத்தில், தனித்து வருவோர் மீண்டும் வந்தனர். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சை, திருவாரூர் போன்ற மாவட்டங்களிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வரும் ஊழியர் பலருக்கு விடுதி வாழ்வே வாய்த்திருக்கிறது. விடியுமுன் வந்துசேரும் பொட்டலத்தில் காலையுணவோடு பகலுணவும் இருக்கும். வெயிலில் பல மணி நேரம் கிடந்த சோற்றையும் குழம்பையும் நண்பகலில் உண்ண நேர்கிறது என்பது அவர்களின் நெடுநாள் குறை. ஞாயிறன்று தேக்காவில் சூடாக ஒரு சாப்பாடு அவர்களுக்கு ஏன் அத்தனை பெரிது என்பதை இதனின்று உணரலாம். பணம் அனுப்புவதும், திடலில் ஊர்க்காரரோடு அமர்வதும் அந்த ஒரு நாளுக்குள் அடங்கவேண்டும். 2013 டிசம்பர் 8ஆம் நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓர் ஊழியர் பேருந்து மோதி இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் கட்டுப்பாடுகள் மிகுந்தன. 2015ஆம் ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவுக்குத் தனி விதிகளை வகுத்தது. ஞாயிறு ஒன்றுகூடல் மட்டும் நின்றுவிடவில்லை.

அதே நாளில் ஆர்ச்சர்ட் சாலையில் இன்னொரு கூட்டம். 1978இல் திறக்கப்பட்ட லக்கி பிளாசா, பிலிப்பீன்ஸ் மக்களின் தேக்கா எனலாம். அந்நாட்டினர்க்கும் இந்நகர்க்கும் தொடர்பு பழையது. அவர்களின் தேசியத் தலைவர் ஹோசே ரிசால் 1882 முதல் நான்கு முறை சிங்கப்பூர் வழியே பயணம் செய்துள்ளார். 1970களின் இறுதி முதல் இல்லப் பணிப்பெண்களாகவும், பின்னர்த் தாதியராகவும் அலுவலர்களாகவும் அவர்கள் பெருமளவில் வந்தனர். பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் என்னும் விதி 2013இல்தான் வந்தது. விடுப்புக்குப் பதில் ஊதியம் தரலாம் என்பதால் அது எல்லார்க்கும் கிட்டவில்லை. மாதத்தில் ஒரு நாளேனும் கட்டாயம் விடவேண்டும் என்பது 2023இல் நடப்புக்கு வந்தது.

அவர்களின் உணவைத் தமிழர் ஒருமுறை சுவைத்தால் அயன்மை குறையும். சினிகாங் என்னும் புளிச்சாற்றில் நம் ரசத்தின் புளி இருக்கிறது. காமாயான் என்னும் விருந்தில் வாழையிலை விரித்து, சோறும் மீனும் பரப்பி, கையால் உண்கின்றனர். ஒரே மண்ணினரை அவர்கள் ‘கபாபாயான்’ என்பர். ‘பாயான்’ என்றால் ஊர். நம் ‘ஊர்க்காரர்’ வேறெந்தச் சொல்? ஊருக்குப் பெட்டி கட்டி அனுப்புவது அவர்களிடமும் உண்டு. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவந்த தாய் அப்பெட்டிக்குள் எதை வைக்கிறாள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு ஒரு பணி

பல மொழி பேசும் புலம்பெயர்ந்தோர் கலந்து இனிது வாழும் இடமாகப் புகாரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அத்தகைய நகரைப் போற்றிய இலக்கியத்துக்கு உரியவர்கள் நாம். தேக்காத் திடலில் அமர்ந்திருப்பவரையோ லக்கி பிளாசாப் படிக்கட்டில் உணவைப் பகிர்பவரையோ இடையூறு என்று காண்பவர், தம் பாட்டனார் கிட்டங்கியிலும் சாப்பாட்டுக் கடையிலும் வாழ்ந்த வாழ்வை மறந்தவர் ஆவார்.

ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்பறைப் பணியாக மேற்கொள்ளலாம். குடும்பத்தில் முதன்முதலில் இந்நகருக்கு வந்தவர் முதல் மாதம் எங்கே உண்டார், யார் சோறிட்டார், அவருடைய நண்பர் யார் என்று மாணவர் தம் வீட்டு மூத்தோரைக் கேட்டு எழுதட்டும். அதே வினாக்களை இன்று இங்கே உழைக்கும் ஓர் ஊழியரிடமோ தம் வீட்டுப் பணிப்பெண்ணிடமோ, அவர் இசைந்தால், கேட்டு எழுதட்டும். இரு விடைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர்க்கு, ஆவணக் காப்பகங்கள் காட்டாத சிங்கப்பூர் ஒன்று தெரியவரும். மூத்தோர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கேட்கவேண்டிய காலம் இதுவே.