யாரிடம் சொன்ன பொய்? அமெரிக்கக் காங்கிரசில் அதிகாரிகளின் சாட்சியமும் மக்கள் சினமும்

2013 மார்ச் 12 அன்று அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு பொது அமர்வாகக் கூடியது. நாட்டுக்குள்ள அச்சுறுத்தல்கள் பற்றி ஆண்டுதோறும் நடக்கும் விசாரணை அது. ஆரெகன் மாநில உறுப்பினர் ரான் வைடன், தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரைப் பார்த்து, பல லட்சம் அல்லது பல கோடி அமெரிக்கர்களைப் பற்றி எந்த வகைத் தரவையேனும் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று கேட்டார். கிளாப்பர் தலையைக் குனிந்து, நெற்றியைக் கையால் தேய்த்தபடி, ‘இல்லை ஐயா’ என்றார். ‘இல்லையா?’ என்று வைடன் மறுபடி கேட்டார். ‘தெரிந்து செய்வதில்லை’ என்றார் கிளாப்பர். தற்செயலாகச் சில இடங்களில் சேர்ந்துவிடக்கூடும் என்று ஒரு வாலையும் ஒட்டினார். வைடன் நன்றி கூறி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் நிறைவதற்குள், ஜூன் 5 அன்று, கார்டியன் நாளிதழ் ஓர் இரகசிய நீதிமன்ற ஆணையை வெளியிட்டது. வெரைசன் நிறுவனத்தின் ஒரு பிரிவு, தன் இணைப்புகளில் யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற விவரம் முழுவதையும் நாள்தோறும் முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஆணை. நீதிபதி ரோஜர் வின்சன் அதில் கையெழுத்திட்ட நாள் ஏப்ரல் 25. அந்த ஆணையைக் கசியவிட்ட எட்வர்ட் ஸ்னோடன் என்ற பெயர் உலகுக்குத் தெரிந்தது அதற்குப் பின்னர்தான்.

அதைத் தொடர்ந்து எழுந்த சினம் கட்சி பார்க்கவில்லை. இடதுசாரிக் குடிமை உரிமை அமைப்புகளும் வலதுசாரி அரசெதிர்ப்பாளர்களும் ஒரே குரலில் பேசிய அரிய தருணங்களில் அது ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுக் கட்சியின் பிரதிநிதிகள் ஏழு பேர், கிளாப்பரின் சாட்சியத்தை விசாரிக்கும்படி அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டருக்கு எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ஜிம் சென்சன்பிரன்னர், எந்தச் சட்டத்தைக் காட்டி முகமை தரவு திரட்டியதோ அந்தத் தேசப்பற்றுச் சட்டத்தை 2001இல் அவையில் முன்மொழிந்தவர். வழக்கு ஏதும் பதிவாகவில்லை. ஐந்தாண்டுக் காலவரம்பு 2018 மார்ச் 12 அன்று முடிந்தது. கிளாப்பர் பொய் சொன்னார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் இங்கேயே பதிந்துவிட வேண்டும்.

இத்தகைய சினத்தை ஆய்வாளர்கள் பொதுவாக இரண்டு வகையில் ஒதுக்குகிறார்கள். பொய்ச்சாட்சியச் சட்டத்தின் நுணுக்கம் தெரியாத பாமரக் கோபம் என்பது ஒன்று. எதிர்க்கட்சி மூட்டிவிடும் தீ என்பது மற்றொன்று. இரண்டும் அந்தச் சினத்தின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை என்பது என் கருத்து. சாட்சியத்தைக் கேட்பவராகச் சட்டம் கருதுவது எதிரே அமர்ந்திருக்கும் குழுவை. உண்மையில் ஏமாந்தவர்கள் மண்டபத்துக்கு வெளியே இருந்தவர்கள். சட்டத்தின் கணக்கில் வராத அந்தக் கேட்போரின் முறையீடுதான் இந்தச் சினம்.

கேள்வி எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இது விளங்கும். முகமையின் தலைவர் கீத் அலெக்சாண்டர் 2012 கோடையில் ஒரு ஹேக்கர் மாநாட்டில், பல லட்சம் அமெரிக்கர்களைப் பற்றித் தாங்கள் கோப்புகள் வைத்திருப்பதாகச் சொல்வது உண்மையல்ல என்று பேசியிருந்தார். அந்தப் பேச்சைக் குறிப்பிட்டுத்தான் வைடன் கேட்டார். வைடனுக்கு விடை தெரியும். குழு உறுப்பினர் என்ற முறையில் அந்தத் திட்டம் பற்றி அவருக்கு முன்பே விளக்கப்பட்டிருந்தது. முந்தைய நாளே கேள்வியை அனுப்பிவைத்ததாகவும், அமர்வு முடிந்தபின் விடையைத் திருத்த வாய்ப்புக் கொடுத்ததாகவும் அவர் பின்னர் சொன்னார். ஆக, கேட்டவருக்கு விடை தெரியும், சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்குத் தெரியும் என்பதும் சொன்னவருக்குத் தெரியும். பிறகு யாருக்காக அந்தக் கேள்வியும் விடையும்? தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த குடிமக்களுக்காக மட்டுமே.

சட்டம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. சத்தியப் பிரமாணத்தின்மேல் சொல்லும் பொய்யைத் தண்டிக்க ஒரு பிரிவு உண்டு. பிரமாணம் இல்லாமலே அரசிடம் சொல்லும் பொய்யைத் தண்டிக்க இன்னொரு பிரிவும் உண்டு. இந்தப் பிரிவு காங்கிரசுக்குப் பொருந்தாது என்று 1995இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் ஆனது. மறு ஆண்டே காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தித் தன் குழு விசாரணைகளை அதற்குள் கொண்டுவந்தது. எனவே கிளாப்பர் அன்று வலக்கை உயர்த்திப் பிரமாணம் எடுத்தாரா என்ற விவாதம், மக்கள் பேச்சில் எவ்வளவு இடம் பிடித்தாலும், பெரிதாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் இரண்டு பிரிவுகளும் ஒன்றைக் கேட்கின்றன: சொன்ன பொய், கேட்ட அமைப்பின் முடிவைப் பாதிக்கக்கூடியதா? உண்மையை முன்பே அறிந்த குழுவின் முடிவு எப்படிப் பாதிக்கப்படும் என்று எந்த வழக்கறிஞரும் கேட்கலாம். அந்த வாதம் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. குழுவுக்கு உண்மை தெரியும் என்பது குற்றத்தைக் குறைக்கும் வாதமாகவும், மக்கள் கண்ணில் அதைக் கூட்டும் வாதமாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடிகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

1973இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிரான்ஸ்டன் தீர்ப்பு இன்னொரு முட்டுக்கட்டை. ‘எல் சிட்’ படத்தைத் தயாரித்த சாமுவேல் பிரான்ஸ்டனிடம், திவால் விசாரணையில், சுவிஸ் வங்கிகளில் எப்போதாவது கணக்கு வைத்திருந்தீர்களா என்று கேட்டார்கள். நிறுவனத்துக்கு ஜூரிக்கில் ஆறு மாத காலம் ஒரு கணக்கு இருந்தது என்றார் அவர். அது உண்மை. தம் பெயரில் ஜெனீவாவில் இருந்த கணக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்லளவில் உண்மையான விடை, எவ்வளவு திசைதிருப்பினாலும் பொய்ச்சாட்சியம் ஆகாது. துருவிக் கேட்டு உண்மையை வெளிக்கொணர்வது கேட்பவர் பொறுப்பு என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இரு தரப்பும் சமமாக மோதும் வழக்கு மன்றத்துக்கு இது நியாயமான விதிதான். உளவுத்துறைக் குழுவில் துருவிக் கேட்பது எப்படி? ‘அப்படியானால் தொலைபேசி விவரங்கள்?’ என்று வைடன் அடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரகசியத்தை வெளியிட்டவர் அவராகியிருப்பார். பதில் சொல்பவர் கையிலேயே கேள்வியின் எல்லையும் இருக்கும் விசாரணை இது.

வைடனையும் முழுதாக விட்டுவிட முடியாது. அவையில் பேசும் பேச்சுக்காக உறுப்பினரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று அரசமைப்பு காப்பளிக்கிறது. அதை நம்பி 1971 ஜூன் இறுதியில் அலாஸ்காவின் மைக் கிராவல், கட்டடங்கள் பற்றிய ஒரு துணைக்குழுவை இரவில் கூட்டி, வியட்நாம் போர் பற்றிய இரகசியப் பென்டகன் ஆவணங்களை அழுதபடியே வாசித்துப் பதிவில் சேர்த்தார். செனட் தன் உறுப்பினரைத் தானே தண்டிக்கலாம் என்பதால் அது ஆபத்தில்லாத வழியல்ல. வைடன் அந்த ஆபத்தை ஏற்கவில்லை. விடை தவறு என்று தெரிந்த குழுவின் மற்றவர்களும் ஜூன் வரை பொதுவெளியில் அதைத் திருத்தவில்லை. மக்கள் சினம் ஒரு மனிதர்மேல் குவிந்ததில் இந்த அமைதி தப்பித்துக்கொண்டது.

கிளாப்பர் தரப்பு தந்த விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஜூனில் தொலைக்காட்சிப் பேட்டியில், இரகசியம் காக்க வேண்டிய நிலையில் தம்மால் முடிந்த அளவு பொய் குறைந்த விடையைச் சொன்னதாகக் கூறினார். அதே மாதம் 21ஆம் தேதி குழுத் தலைவர் டயான் ஃபைன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில், விடை தெளிவாகத் தவறானது, முகமை தரவு திரட்டக் காட்டிய தேசப்பற்றுச் சட்டப்பிரிவு அப்போது நினைவுக்கு வரவில்லை என்றார். முதல் விளக்கத்தின்படி அவர் அறிந்தே வார்த்தையைத் தேர்ந்தார். இரண்டாவதன்படி கேள்வியே அவர் மனத்தில் வேறாகப் பதிந்திருந்தது. இரண்டும் ஒரே மனிதரின் ஒரே கணத்தைப் பற்றியவை. மறதி என்பதை நான் முற்றாக மறுக்கவில்லை. மூத்த அதிகாரிகள் ஒரே காலையில் பத்துப் பொருள்களைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள். ஆனால் மறதிக்கு மருந்து திருத்தம். அமர்வு முடிந்ததும் அதற்கு வழி திறந்திருந்தது.

இரகசியத்தைக் காக்கப் பொய்யைவிட்டால் வேறு வழியில்லை என்ற வாதம் இதைவிட வலுவற்றது. ‘பதில் சொல்ல முடியாது’ என்றாலே விஷயம் வெளிப்பட்டுவிடும் என்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு அமெரிக்க உளவுத்துறையே 1970களில் தீர்வு கண்டது. கடலடியில் கிடந்த சோவியத் நீர்மூழ்கிக் கப்பலைத் தூக்கப் போன ‘குளோமர் எக்ஸ்ப்ளோரர்’ கப்பலைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் ஆவணம் கேட்டபோது, உண்டென்றும் சொல்ல மாட்டோம் இல்லையென்றும் சொல்ல மாட்டோம் என்று பதில் தந்தார்கள். வழக்கு 1976இல் மேல்முறையீட்டு மன்றம் வரை போனது; அந்தப் பதில் அன்றுமுதல் வழக்கமாகிவிட்டது. எல்லாக் கேள்விக்கும் ஒரே முகத்தோடு சொல்லும்போது அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு வாக்கியம் கைவசம் இருக்க, ‘இல்லை’ என்ற சொல் தேவைப்பட்டிருக்காது.

கிளாப்பரின் அந்த ‘இல்லை’க்கு முன்னோடி ரிச்சர்ட் ஹெல்ம்ஸ். சி.ஐ.ஏ. தலைமையிலிருந்து விலகி ஈரானுக்குத் தூதராகப் போகவிருந்த அவரிடம், 1973 பிப்ரவரியில் செனட்டின் வெளியுறவுக் குழுவில், சிலியில் அதிபர் அயேந்தேயின் எதிரிகளுக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றார். 1970 செப்டம்பரில் அதிபர் நிக்சன் கட்டளையிட்டபோது ஹெல்ம்ஸ் தம் கையாலேயே குறிப்பெடுத்திருந்தார்: ஒரு கோடி டாலர், தேவையானால் இன்னும் கூடுதல், சிலியின் பொருளாதாரத்தைக் கதறவிடு. 1977இல் முழுமையாகச் சாட்சியம் அளிக்கத் தவறிய சிறு குற்றங்கள் இரண்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டார். தண்டனை 2,000 டாலர் அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறையும். ஓய்வுபெற்ற சி.ஐ.ஏ. அதிகாரிகளின் கூட்டத்துக்கு அவர் போனபோது கைதட்டி வரவேற்று, குப்பைக்கூடைகளைச் சுற்றில் விட்டு அபராதப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1983இல் அதிபர் ரேகன் அவருக்குத் தேசியப் பாதுகாப்புப் பதக்கம் வழங்கினார்.

அந்தக் கைதட்டலில் ஒரு கொள்கை இருக்கிறது. ஹெல்ம்ஸ் இரண்டு பிரமாணங்களுக்கு இடையில் சிக்கியவர், இரகசியம் காப்பேன் என்ற பிரமாணத்தைக் காப்பாற்ற மற்றதைத் தியாகம் செய்தவர் என்பது நண்பர்களின் வாதம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்தைக்கூட இங்கே துணைக்கு அழைக்கலாம். அழைத்தால் உடனே சிக்கல் வரும்: நன்மை குற்றமற்றதா என்று தீர்ப்பது யார்? சிலியைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்புக்கான இடம்தான் அந்தக் குழு. தீர்ப்பவரிடமிருந்தே வழக்கை மறைத்துவிட்டு நன்மை என்று உரிமை கோர முடியாது.

1980களின் ஈரான்-கான்ட்ரா விவகாரம் இதே கதையை மன்னிப்போடு முடித்தது. வெளியுறவுத் துறையின் எலியட் ஆப்ராம்ஸ், நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்காகப் புருனை அரசிடம் ஒரு கோடி டாலர் கேட்டு வாங்கியதைக் காங்கிரசிடம் மறைத்தார். 1991இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 1992 டிசம்பர் 24 அன்று அதிபர் புஷ் அவரையும் மற்ற ஐவரையும் மன்னித்தார். 2019இல் வெனிசுவேலாவுக்கான சிறப்புத் தூதராக ஆப்ராம்ஸ் மறுபடி காங்கிரஸ் குழுமுன் வந்து அமர்ந்தார். உங்கள் சாட்சியத்தை இன்று நாங்கள் ஏன் நம்ப வேண்டும் என்று பிரதிநிதி இல்ஹான் ஒமர் கேட்டார். மக்கள் சினத்தை அதன் சொந்தக் குரலில் அவைக் குறிப்பில் ஏற்றிய அரிதான தருணம் அது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பேஸ்பால் வீரர்கள் இருக்கிறார்கள். ஊக்கமருந்து பற்றிக் காங்கிரசிடம் பொய் சொன்னதாக மிகுவேல் தெஹாதா 2009இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ரோஜர் கிளெமென்ஸ் இரண்டு முறை விசாரணைக்கு உள்ளாகி 2012 ஜூனில் விடுதலையானார். ஒன்பது மாதம் கழித்துத்தான் கிளாப்பர் செனட் குழுவின் சாட்சி நாற்காலியில் அமர்ந்தார். வழக்குத் தொடுப்பதா என்று முடிவெடுப்பது நீதித்துறை அமைச்சகம். அது அதிபரின் கீழ் இயங்குவது. விளையாட்டு வீரர்மேல் வழக்குப் போட அமைச்சகத்துக்கு எந்த உறுத்தலும் இல்லை. தன் அரசின் உளவுத் தலைவர்மேல் வழக்கு என்றால் தன் வீட்டுச் சுவரையே இடிப்பதாகும்.

சினத்துக்கும் தன் மிகைகள் உண்டு. கிளாப்பரின் அந்த விடையே தம் பொறுமையை உடைத்தது என்று ஸ்னோடன் 2014 ஜனவரியில் ஜெர்மன் தொலைக்காட்சியில் சொன்னார். பலரும் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டை அவர் முதலில் தொடர்புகொண்டது 2012 டிசம்பரில். முன்பே எடுத்த முடிவுக்குப் பின்னர் கிடைத்த நல்ல காரணம் என்று அதைக் கொள்வதே பொருத்தம். இதனால் சினத்தின் அடிப்படை குலையவில்லை. 2015 மே மாதம் மேல்முறையீட்டு மன்றம், அந்தத் தரவுத் திரட்டலுக்குச் சட்டம் அனுமதி தரவில்லை என்றே தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் காங்கிரஸ் அந்தத் திரட்டல் முறையை மாற்றியமைத்தது. இரண்டுமே மக்களுக்கு உண்மை தெரிந்தபின் நடந்தவை. குழுவுக்கு மட்டும் தெரிந்திருந்த ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை.

சீர்திருத்தம் பேசுவோர் பெரும்பாலும் தனி வழக்குரைஞரையோ கடுமையான தண்டனையையோ கேட்கிறார்கள். நான் கால அளவைப் பார்க்கிறேன். பொய்ச்சாட்சிய வழக்குக்கு ஐந்தாண்டு வரம்பு, பொய் சொன்ன நாளிலிருந்து. 2009ஆம் ஆண்டின் நிர்வாக ஆணைப்படி ஓர் ஆவணத்தை 25 ஆண்டுவரை இரகசியமாக வைக்கலாம். விதிவிலக்குகள் அதையும் தாண்டும். எனவே இரகசியத்தை மறைக்கச் சொன்ன பொய், யாரும் கசியவிடாத பட்சத்தில், வெளிப்படும் முன்பே தண்டனைக்கு அப்பால் போய்விடுகிறது. ஹெல்ம்சும் கிளாப்பரும் வெளிச்சத்துக்கு வந்தது விபத்து. அரசை ஏமாற்றும் மோசடிகளுக்குப் போர்க்காலத்தில் காலவரம்பு ஓடாது என்று 1942 முதலே அமெரிக்கச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. அதே முறையில், சாட்சியம் மறைத்த உண்மை இரகசியமாக இருக்கும் காலம் முழுவதும் வரம்பு ஓடாமல் நிறுத்திவைக்கக் காங்கிரசுக்கு ஒரு வரித் திருத்தம் போதும். அப்போது காலவரம்பின் கடிகாரம், மக்கள் உண்மையைக் கேட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும்.